துவக்குக்கு வைத்த பொட்டு

விசையை அழுத்தியதும் டிக் என்றது. அவ்வளவுதான்.

“திறக்காதை,” என்றார் பக்கத்தில் நின்ற அலெக்ஸாண்டர். “கொஞ்சம் பொறு மச்சான். சில நேரம் பிந்தி வெடிக்கும்.”

ஜெயரட்ணம் துவக்கை இலக்குப் பலகையை நோக்கிப் பிடித்தபடியே பொறுத்திருந்தார். காதடைப்பானுக்குள் தன்னுடைய மூச்சு கேட்டது. சுடுதளத்தின் மற்ற மேசைகளில் வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய மேசையும் அதிர்ந்தது. அவருடைய துவக்கு வெடிக்கவில்லை. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தார். தோட்டா வெளியே வந்து சீமெந்தில் உருண்டது. அலெக்ஸாண்டர் குனிந்து எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, அதன் பின்புறத்தைப் பார்த்தார்.

“ஊசி தொட்டிருக்கு. ஆனா குத்தேல்லை. சும்மா சுரண்டி விட்டிருக்கு.”

“போன முறையும் உப்பிடித்தான்.”

“கம்பனிக்காரன் என்னவாம்?”

“ஒரு பிழையும் இல்லையாம்.”

“ஆறு மாசம் வைச்சிருந்து?”

“ஓம். சுட்டுப் பாத்தவையாம். எல்லாம் வெடிச்சுதாம்.”

அலெக்ஸாண்டர் தோட்டாவை மேசையில் நிறுத்தி வைத்தார்.

“ஜெயம், நான் சொல்லுறனெண்டு கோவிக்காதை. நவம்பருக்குள்ளை இது சரிவராட்டி பாறைக்கு றமேசை விடவேணும். மற்றவங்கள் கதைக்கத் தொடங்கிட்டாங்கள்.”

“தெரியும்.”

“நீ தகரம் தட்டுற பக்கம் வரலாம். இல்லாட்டி பழையபடி சமை. உன்ரை கறிக்கு ஒருத்தரும் வாரண்டி கேக்க மாட்டாங்கள்.”

ஜெயரட்ணம் சிரித்தார். பிறகு துவக்கைக் கழற்றிப் பையில் வைத்தார்.

சமையல்காரராகத்தான் அவர் முதலில் வேட்டைக்குப் போனார். பிளாஸ்டிக் போத்தல் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் அவரும் அலெக்ஸாண்டரும் ஒரே வரிசையில் வேலை. மன்னார்ப் பக்கத்துக்காரரான அலெக்ஸாண்டர் ஒவ்வொரு நவம்பரும் மச்சினன் றமேசோடும் தொழிற்சாலையில் இன்னும் இரண்டு பேரோடும் வடக்கே மான் வேட்டைக்குப் போவார். ஏரிக்கரையில் ஒரு மரவீடு வாடகைக்கு எடுப்பார்கள். ஒருமுறை சமைக்க ஆள் வேண்டும் என்று ஜெயரட்ணத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் நான்கு வருடம் சமைத்தார். ஐந்தாம் வருடம் றமேசுக்குக் காய்ச்சல் வந்தது. அவனுடைய இடத்தில் போய் இரு, மான் வந்தால் கையைக் காட்டு, அது போதும் என்று அவரைப் பாறையில் இருத்தினார்கள்.

அந்தப் பாறை சதுப்புக்கு மேலே இருந்தது. மற்றவர்கள் விடியப்புறம் சதுப்பின் மறுகரையிலிருந்து தகரம் தட்டிக்கொண்டு நடந்து வருவார்கள். இடையில் படுத்திருக்கும் மான்கள் எழுந்து பாறையின் அடிவழியாக ஓடும். பாறையில் இருப்பவர் சுட வேண்டும். அதுவரை அவர் பேசக்கூடாது, இருமக்கூடாது, அசையக்கூடாது. அவரோடும் ஒருவரும் பேசக்கூடாது. இந்த விதி ஜெயரட்ணத்துக்குப் பிடித்திருந்தது. முப்பது வருடமாக மூடிகள் தகரத் தொட்டியில் கொட்டும் சத்தத்துக்குள் வேலை செய்தவர். வீட்டில் தொலைக்காட்சி, மேல்வீட்டில் பிள்ளைகள் ஓடும் சத்தம், காரில் வானொலி. பாறையில் ஒன்றும் இல்லை. அந்தக் காலை முழுவதும் அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருடமே பாடம் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்தார். அலெக்ஸாண்டரின் பழைய துவக்கை இரவல் வாங்கிச் சுட்டார். பல வருடங்களில் ஒரே ஒரு மான். அதைப்பற்றி அவர் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனாலும் பாறை அவருடையது என்று ஆகிவிட்டது. பிறகு அந்தப் பழைய துவக்கு றமேசிடம் போனது. தனக்கென்று ஒன்று, கடைசிவரைக்கும் உழைக்கக்கூடியதாக, நல்லதாக வாங்குவோம் என்று நினைத்தார். சோபா, கட்டில், தொலைக்காட்சி எல்லாம் மலிவு விற்பனையில் வாங்கியவர், இதை மட்டும் விலை குறைக்கக் கேட்காமல் வாங்கினார். ஐரோப்பியத் தயாரிப்பு. கடைக்காரர் அதைத் துணியால் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

முதல் நவம்பரிலேயே ஒரு கொம்பு மான் பாறைக்கு நேர்கீழே வந்து நின்றது. டிக் என்றது. மான் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டுப் போனது. அன்றிரவு மரவீட்டில் அலெக்ஸாண்டர் அதை எல்லோருக்கும் நடித்துக் காட்டினார்.

“மான் திரும்பிப் பாத்து, என்ன அண்ணை, பற்றறி முடிஞ்சுதோ எண்டு கேட்டுதாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்த இருவர் அதிக நேரம் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வாரண்டிக்குக் கொடுத்தார். கடை அதைக் கம்பனியின் சேவை நிலையத்துக்கு அனுப்பியது. குளிர்காலம் முடிந்தது. ஜூனில் திரும்பி வந்தபோது குறை எதுவும் இல்லை என்றார்கள். இப்போது செப்டம்பர்.

சுடுதளத்திலிருந்து டோர்செட் பார்க்கில் இருந்த தன்னுடைய வீட்டுக்குத் திரும்பினார். அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில் துவக்கோடு ஏறுவதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். மகள் துர்க்கா சிறுவயதில் பழகிய கீபோட்டின் நீளமான பை. கீபோட் யாருக்கோ கொடுபட்டுவிட்டது, பை மிஞ்சியிருந்தது. லிஃப்டுக்குள் ஒன்பதாம் மாடி ரதி நின்றாள்.

“அண்ணை, இன்னும் கிளாஸுக்குப் போறியளோ?”

“ஓம்.”

“எப்ப எங்களுக்கு வாசிச்சுக் காட்டப்போறியள்?”

“இன்னும் சரியா வரேல்லை, பிள்ளை.”

“விடாமப் பழகுங்கோ அண்ணை. வயசெல்லாம் ஒரு பிரச்சினையில்லை.”

வீட்டில் மனைவி கோணேஸ்வரி முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து சீருடையோடு உட்கார்ந்திருந்தார். துவக்கு இருக்கும் இரும்பு அலுமாரியை இத்தனை வருடத்தில் அவர் தொட்டதில்லை. அதன் கதவில் சேலைகூடக் கொழுவியதில்லை. துவக்கு என்ற சொல்லைச் சொல்லமாட்டார். ‘உங்கட அது’ என்பார். திருகோணமலையில் அவர் வளர்ந்த வீட்டுக்குத் துவக்கோடு வந்தவர்கள் பல விதமானவர்கள். வந்துபோன பிறகு வீட்டில் யாரோ ஒருவர் குறைந்திருப்பார். ஜெயரட்ணம் லைசென்ஸ் எடுத்தபோது அவர் சண்டை பிடிக்கவில்லை. “என்ரை கண்ணிலை காட்டாதேங்கோ,” என்று மட்டும் சொன்னார். அவரும் காட்டவில்லை.

அன்று ஜெயரட்ணம் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். கோணேஸ்வரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்ன, திரும்பவும் வேலை செய்யேல்லையோ?”

“இல்லை.”

“என்னதான் செய்யுதாம் அதுக்கு?”

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையைத் திறந்து போல்ட்டை மட்டும் எடுத்தார். துவக்கிலிருந்து தனியாகக் கழன்று வரும் இரும்புத் தண்டு. அதன் நுனியில் சிறிய துளை.

“இந்த ஓட்டைக்குள்ளாலை ஒரு ஊசி வந்து குத்தவேணும். குத்தினாத்தான் வெடிக்கும். இதிலை அது பலமா வருகுதில்லை.”

“பழசாப் போச்சோ?”

“புதுசு.”

“அப்ப ஏதோ வருத்தம் வந்திட்டுது,” என்றார் கோணேஸ்வரி. “பாக்கத் தண்ணிப் பைப்புச் சாமான்மாதிரிக் கிடக்கு.” கையில் வாங்கவில்லை. ஆனால் குனிந்து பார்த்தார்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் ஜெயரட்ணம் தொழிற்சாலையின் கார் தரிப்பிடத்திலிருந்து சேவை நிலையத்துக்கு ஃபோன் எடுத்தார். இந்த முறை கடை வேண்டாம், நேரே பேசுவோம் என்று முடிவு செய்திருந்தார். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவற்றைக் காலையில் காரில் சொல்லிப் பார்த்திருந்தார். இடைவேளையின் பெரும்பகுதி ஃபோனில் இசை கேட்டபடி காத்திருப்பதில் போனது. பிறகு ஜோசுவா என்று ஒருவர் பேசினார். இளமையான குரல். என்ன தோட்டா, என்ன எண்ணெய், எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டார். வெடிக்காத தோட்டாக்களையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். போன முறை அப்படிக் கேட்டிருக்க வேண்டும், எங்கள் தவறு என்றார். நவம்பருக்கு முன்னர் வருமா என்று ஜெயரட்ணம் கேட்டார்.

“இந்த வாரம் அனுப்பினால் நானே பார்க்கிறேன்,” என்றார் ஜோசுவா.

அன்று பின்னேரம் வரிசையில் நின்றபோது ஜெயரட்ணம் தனக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்ததாக அலெக்ஸாண்டர் சொன்னார்.

அந்த வாரம்தான் ஆயுத பூசை வந்தது. கோணேஸ்வரி வரவேற்பறையில் வெள்ளைத் துணி விரித்துத் தன்னுடைய இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வைத்தார். தையல் மெஷின், கார்த் திறப்புகள், ஜெயரட்ணத்தின் குறடுகளும் திருகாணி முடுக்கிகளும், கறிவேப்பிலை வெட்டும் கத்திரிக்கோல். துர்க்கா தன்னுடைய லப்டொப்பைச் சாப்பாடு சுற்றும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னடி இது, இடியப்பம் பார்சல் மாதிரி?”

“அம்மா, லாஸ்ட் இயர் ஸ்பேஸ் பார் முழுக்கச் சந்தனம். ஐ வாஸ் கிளீனிங் இற் ஃபோர் எ வீக். நீங்கள் மேலாலை வையுங்கோ, இற்ஸ் த சேம் திங்.”

கோணேஸ்வரி சந்தனத் தூளைப் பன்னீரில் குழைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்:

“இஞ்சருங்கோ. அதையும் கொண்டுவந்து வையுங்கோ.”

“எதை?”

“உங்கட அதை.”

துர்க்கா தகப்பனைப் பார்த்தாள்.

“நாளைக்குத்தானே அனுப்பிறியள்? வைச்சு எடுத்துக்கொண்டு போங்கோ.”

அவர் அலுமாரியைத் திறந்தார். விசையில் பூட்டுப் போட்டபடி துவக்கைக் கொண்டுவந்து துணியின் ஓரத்தில், சுவர்ப்பக்கம் பார்க்க வைத்தார். போல்ட்டைக் கழற்றி ஒரு பித்தளைத் தட்டில் வைத்தார். கோணேஸ்வரி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார். துவக்கின் கட்டையில் விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்து உடனே கையை எடுத்தார். பிறகு தட்டின் முன்னால் குந்தினார்.

“இதிலைதானே பிழை?”

“ஓம்.”

“எந்தப் பக்கம் ஓட்டை?”

அவர் காட்டினார். கோணேஸ்வரி மோதிர விரலில் சந்தனத்தை நிறைய எடுத்து, அந்தத் துளையின் மேலே சரியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைக்கு வைப்பதுபோல் கொஞ்சம் அழுத்தி வைத்தார். கற்பூரம் காட்டினார்கள். அவல் சாப்பிட்டார்கள். இரவு முழுவதும் எல்லாம் அங்கேயே இருந்தன.

காலையில் ஜெயரட்ணம் பெட்டி கட்டும்போது துவக்கின் கட்டையைத் துடைத்தார். போல்ட்டை எடுத்தபோது கோணேஸ்வரி தேத்தண்ணியோடு வந்து நின்றார்.

“அந்தப் பொட்டை அழிச்சுப்போடாதேங்கோ. அதோடையே போகட்டும்.”

சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அது இருக்கக்கூடாத இடம் என்று ஜெயரட்ணத்துக்குத் தெரியும். ஆனால் எப்படியும் அவர்கள் கழற்றித்தானே பார்ப்பார்கள், கழற்றினால் துடைப்பார்கள்தானே என்று நினைத்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு கோணேஸ்வரி அதைத் தொட்டிருக்கிறார். அவருக்கு முன்னால் அதை அழிக்கக் கை வரவில்லை. பழைய பனியன் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, தபால் கந்தோரில் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஜோசுவா ஃபோன் எடுத்தார். ஜெயரட்ணம் இயந்திரத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார்.

“சேர், போல்ட்டின் உள்ளே ஒரு பொருள் இருந்தது. மஞ்சளும் சிவப்பும். சீமெந்துபோல் இறுகியிருந்தது. அது என்ன?”

ஜெயரட்ணம் காருக்குப் பக்கத்தில் நின்றார். காரில் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் இதற்கு ஒன்றும் இல்லை.

“சந்தன மரத்தின் தூள்,” என்றார் கடைசியில். “நாங்கள் வருடத்தில் ஒருநாள் வேலைச் சாமான்களை வைத்துக் கும்பிடுவோம்.”

“துப்பாக்கியையா?”

“எல்லாவற்றையும். காரையும்.”

பிறகு ஜோசுவா, “என் பக்கத்து வீட்டுக்காரர் புதுக் காரின் சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டினார். அது மாதிரியா?” என்றார்.

“ஓம். அது மாதிரி.”

“எலுமிச்சம்பழம் எஞ்சினுக்குள் போகவில்லை, சேர்.” அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் களைப்பாக இருந்ததுபோல் தெரிந்தது. “நான் எல்லாவற்றையும் கழுவிவிட்டுச் சுட்டேன். எல்லாம் வெடித்தது. ஆகவே வெடிக்காததற்கு இதுதான் காரணம் என்று ஆகிறது.”

“இது இந்த மாதம் வைத்தது. வெடிக்காதது போன வருடம்.”

“நான் நம்புகிறேன். ஆனால் போன முறை குறை இல்லை என்று எங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். இந்த முறை உள்ளே வேறு பொருள் இருக்கிறது. படம் எடுத்துக் கம்பனிப் பதிவில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகுதான் உங்களை அழைக்க நினைத்தேன். முன்னரே அழைத்திருக்கலாம்.”

“அப்படியென்றால் வாரண்டி?”

“இத்தோடு முடிகிறது. இதை யார் பூசியது? நான் ஒரு பெயர் போட வேண்டும்.”

ஜெயரட்ணம் தொழிற்சாலைக் கதவைப் பார்த்தார். மேற்பார்வையாளர் வெளியே வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

“நான்தான்,” என்றார்.

மான் பருவத்துக்கு முந்திய வியாழக்கிழமை துவக்கு வந்து சேர்ந்தது. சுத்தமாக, எண்ணெய் மணத்தோடு இருந்தது. கோணேஸ்வரி பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“சரியாக்கிப் போட்டாங்களோ?”

“சரியாக்கினதெண்டுதான் சொல்லுறாங்கள்.”

“பொட்டை அழிச்சுப்போட்டாங்கள்.”

“அழிக்கத்தானே வேணும்.”

“பாத்தியளே. போன முறை சும்மா அனுப்பினியள், ஒண்டும் செய்யேல்லை.” அவர் சமையலறைக்குப் போகும்போது சொன்னார்: “அடுத்த வருசம் நான் ஞாபகப்படுத்திறன்.”

ஞாயிறு மத்தியானம் ஐந்து பேரும் மரவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு வருடமும்போல, விளக்கெரிக்க முன்னர் எல்லோரும் மண்மேட்டை நோக்கிச் சுட்டுச் சரிபார்த்தார்கள். ஜெயரட்ணம் கடைசியாகப் போனார். முதலாவது வெடித்தது. றமேஸ் கை தட்டினான். இரண்டாவதும் வெடித்தது.

“சந்தனத்துக்கு வேலை இருக்கு,” என்றார் அலெக்ஸாண்டர். அவருக்கு மட்டும் ஜெயரட்ணம் சொல்லியிருந்தார்.

மூன்றாவது டிக் என்றது.

ஜெயரட்ணம் பொறுத்திருந்தார். பிறகு போல்ட்டை இழுத்துத் தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். நான்காவதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி அலெக்ஸாண்டர் கையைக் காட்டினார். ஜெயரட்ணம் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

“பாறைக்கு றமேஸ் போகட்டும்,” என்றார்.

“அண்ணை, நான்...” என்றான் றமேஸ்.

“போடா. கால் விறைக்கும், இரண்டு சோடி மேசு போடு. இடது பக்கத்துப் பைன் மரத்துக்குப் பின்னாலை இரு. காத்து உன்னட்டை வராது.”

அலெக்ஸாண்டர் அவருடைய தோளில் கை வைத்தார். “நாளைக்குப் பின்னேரம் என்ரை துவக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையிலை ஒருக்கா இரன்.”

“வேண்டாம். உனக்கு வேணும்.”

வீதிவரை நடந்துபோனால்தான் ஃபோன் எடுக்கும். ஜெயரட்ணம் நடந்துபோய் வீட்டுக்கு எடுத்தார்.

“என்ன, வெடிச்சுதோ?” என்று கேட்டார் கோணேஸ்வரி.

“வெடிச்சுது.”

“நான் சொன்னன்தானே.” பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அவர் அதைக் குறைத்தார். “அப்ப நாளைக்கு உங்கட கல்லிலை போய் இருக்கலாம்.”

“ஓம்.”

“குளிருக்குத் தொப்பி போடுங்கோ.”

அடுத்த நாள் திங்கட்கிழமை. ஜெயரட்ணம் எல்லோருக்கும் முதல் எழும்பித் தேத்தண்ணி வைத்தார். பாணுக்குச் சம்பல் அரைத்தார். றமேஸ் இருட்டோடு பாறைக்குப் போனான். மற்ற நால்வரும் வாகனத்தில் சதுப்பைச் சுற்றிப் போய் மறுகரையில் இறங்கினார்கள். செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு இடைவெளி விட்டு வரிசையாக நடந்தார்கள். ஜெயரட்ணத்திடம் பழைய எண்ணெய்த் தகரமும் ஒரு தடியும் இருந்தன. தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. அவர் தட்டிக்கொண்டே நடந்தார். பத்து மணிக்குச் சற்று முன்னர் பாறைப் பக்கம் ஒரு வெடி கேட்டது. பெண் மான். எல்லோருமாக வீதிக்கு இழுத்து வந்தார்கள். பின்கால்களை ஜெயரட்ணம் பிடித்தார். றமேஸ் இரண்டு சோடி மேசு போட்டது நல்லது என்றான். மத்தியானம் மழை தொடங்கியது. பின்னேரம் ஒருவரும் வெளியே போகவில்லை. ஜெயரட்ணம் உடுப்புகளை அடுப்படியில் காயப்போட்டார். ஈரலை வறுத்து, சோறு ஆக்கினார். மழைக்குள் வீதிவரை நடக்க முடியாததால் வீட்டுக்கு ஃபோன் எடுக்கவில்லை. துவக்கு கீபோட் பைக்குள் கட்டிலுக்குக் கீழே இருந்தது.